பளிச்சிடும் காட்சிகள்: இல்லை

எங்கள் அலுவலகத்துத் தேநீர் இயந்திரத்தின் மேல் ‘சூடாக இருக்கும், விரலை உள்ளே விடாதீர்கள்’ என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறது. அதை எழுதியவன் நான்தான். யாரும் எழுதச் சொல்லவில்லை, தொழில் பழக்கம். தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ தயாரிக்கும் நிறுவனத்தில் பதினோரு வருடமாக எடிட்டராக இருக்கிறேன். ஏணியை எப்படிச் சாய்ப்பது, ஓடுகிற பெல்ட்டில் சட்டைக் கை மாட்டாமல் இருப்பது எப்படி, இப்படி. என் வீடியோவைப் பார்த்ததால் இன்றைக்கும் பத்து விரலோடு இருப்பவர்கள் சிலராவது இருப்பார்கள். என்னைப் பற்றி எழுதும்போது இதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா.

அது வயிற்றுப்பாட்டுக்கு. மனசுக்கு வேறொன்று இருந்தது. ஜப்பானிய அனிமே கார்ட்டூன் தொடர்களிலிருந்து காட்சிகளை வெட்டியெடுத்து, பிடித்த ஒரு பாட்டோடு சேர்த்து, மூன்று நான்கு நிமிடத்துக்குப் புதுசாக ஒரு கதை சொல்வது. ரசிகர்கள் செய்வது, ரசிகர்கள் பார்ப்பது. வருடத்துக்கு ஒருமுறை அனிமே ரசிகர் மாநாட்டில் இதற்குப் போட்டி உண்டு. பெரிய அரங்கம், எழுநூறு பேர், இருட்டு, நல்ல ஒலிபெருக்கி. வெளியாட்களுக்குச் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியும். தெரியட்டும்.

என்னோடு சேர்ந்து இதைச் செய்தவளை நாங்கள் எல்லோரும் நத்தை என்றுதான் கூப்பிடுவோம். ஒரு நிமிட வீடியோவுக்கு இரண்டு மாதம் எடுத்துக்கொள்வாள், அதனால் வந்த பெயர். என் தங்கையோடு படித்தவள், அந்தப் பழக்கத்தில் என்னை அண்ணா என்பாள். நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டும் வேலை. தங்கை கல்யாணமாகிப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவாள். என் மேசைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். ஆறு வருடம் இரண்டு பேரும் ஒரே பெயரில் வீடியோ செய்தோம். ஒருமுறை இரண்டாவது பரிசுகூட வாங்கினோம்.

அவளுக்கு வலிப்பு உண்டு. எப்போதும் வருவதில்லை. வெளிச்சம் வேகமாக விட்டு விட்டு அடித்தால் வரும். இப்படிப்பட்டவளுக்கு இந்தப் பொழுதுபோக்கு எதற்கு என்று அவள் அம்மா கேட்காத நாளில்லை. அவள் சிரிப்பாள். அவளுக்கு டாக்டர் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தார். கண்ணை மூடினால் மட்டும் போதாது, இமை வழியாகவும் வெளிச்சம் உள்ளே போகும். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தி மறைத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிவிட வேண்டும். நாங்கள் எடிட் செய்யும்போது நான் முதலில் தனியாக ஓட்டிப் பார்ப்பேன். எந்த வினாடியில் பளிச்சிடுகிறது என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். அந்த இடம் வரும்போது அவள் கை தானாக மேலே போகும். தப்பித் தவறி எதையாவது பார்த்துவிட்டால், என்ன நிறம், எவ்வளவு வேகம், அவளுக்கு என்ன ஆயிற்று என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதுவேன். சிவப்பு என்றால் உடனே கை வெட்டி இழுக்கும். நீலம் பரவாயில்லை. இருட்டறையில் மோசம். தூங்காமல் வந்த நாளில் இன்னும் மோசம். ஆறு வருடத்தில் அந்த நோட்டு கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. அவள் அம்மாவைவிட எனக்குத்தான் அவள் உடம்பைப் பற்றி அதிகம் தெரியும் என்று அவளே தங்கையிடம் சொல்லியிருக்கிறாள்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முக்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னாள்.

“அண்ணா, இந்த வருஷம் நான் தனியா ஒண்ணு பண்ணிப் பாக்கறேன்.”

“பண்ணேன். நான் எதுக்கு வேண்டாம்னு சொல்லப்போறேன்?”

“கோவம் இல்லையே?”

“எதுக்குக் கோவம்?”

முக்காலியைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள். பிறகு, “உங்க வெட்டெல்லாம் தாளத்துக்கு ரொம்பச் சரியா இருக்குண்ணா. அதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு. மூச்சு விட இடமே இல்லாத மாதிரி” என்றாள்.

நான் கோபப்படவில்லை. அன்றைக்கும் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். நீங்கள் அவள் அம்மாவைக் கேட்கலாம், அவள் வீட்டுக்குப் போய் அண்ணா நல்லபடியாக எடுத்துக்கொண்டார் என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

ஐந்து மாதம் கழித்துத் தன் வீடியோவை எனக்கு அனுப்பினாள். காணாமல் போன அண்ணனைத் தேடி ஒரு பெண் ரயிலில் போகிற தொடர், அதிலிருந்து செய்திருந்தாள். ரயில் ஜன்னலில் மழைத்துளி ஒன்று இறங்குகிறது. பாட்டில் தாளம் வந்துபோகிறது, அவள் வெட்டவில்லை. துளி அடிவரை இறங்குகிறது. அதற்குப் பிறகுதான் அடுத்த காட்சி. நான் அதை இருபது முறை பார்த்தேன். குறை சொல்ல ஒரு இடம் தேடினேன். எதையும் இம்மியளவு நகர்த்த முடியவில்லை. ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்று பதில் அனுப்பினேன். அது பொய்யில்லை.

இப்போது பொறாமை என்று எழுதப்போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். எனக்குள் இருந்தது வேறு. ஆறு வருடம் நான் செய்த உச்சக் காட்சிகள் எதையும் அவள் இரண்டு கண்ணாலும் பார்த்ததில்லை. பாட்டு உயரும், நான் மூன்று வாரம் உட்கார்ந்து செய்த இடம் வரும், அவள் கையால் முகத்தை மறைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பாள். பாதி பார்த்துவிட்டு மூச்சு விட இடமில்லை என்று சொன்னால் எப்படி? ஒருமுறையாவது முழுசாகப் பார்க்கட்டும் என்று நினைத்தேன். நினைத்ததில் தப்பிருப்பதாக இன்றைக்கும் எனக்குத் தோன்றவில்லை.

நானும் தனியாக ஒன்று செய்தேன். எரிகிற ஒரு நகரம், அதைவிட்டு ஓடாமல் நிற்கிற ஒரு கிழவர். இரண்டரை நிமிடத்தில் நகரம் வெடிக்கும். அந்த இடத்தைச் செய்யும்போது நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆறு வருடமாக எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேனோ, அதெல்லாம் அதில் வரிசையாக இருந்தது.

நடுவில் ஒருமுறை, மூன்று வினாடித் துண்டொன்றை அவள் போனுக்கு அனுப்பினேன். நிறம் எப்படியிருக்கிறது என்று கேட்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் குரல் செய்தி வந்தது. “அண்ணா, என்னமோ தெரியல, அதப் பாத்ததும் கை வெட்டி இழுத்துடுச்சு. டீ பூரா புடவையில. மறந்துபோய் சொல்லாம அனுப்பிட்டீங்க போல. பரவால்ல.” நான் மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தேதியையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். பக்கத்தில் ‘சின்னத் திரை, பகல் வெளிச்சம்’ என்றும் எழுதினேன்.

போட்டிக்கு அனுப்பும்போது ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், பாட்டு, எந்தத் தொடர். ஏழாவது கேள்வி, பளிச்சிடும் காட்சிகள் உள்ளனவா என்பது. உண்டு என்று குறித்தால் அந்த வீடியோவுக்கு முன்னால் மைக்கில் எச்சரிக்கை வாசிப்பார்கள், ஒத்துக்கொள்ளாதவர்களை டார்ச் அடித்து வெளியே கூட்டிப்போய் உட்கார வைப்பார்கள். நான் ‘இல்லை’ என்று குறித்தேன். அந்த எச்சரிக்கை வாசகத்தை எப்படி எழுதினால் தெளிவாக இருக்கும் என்று மாநாட்டுக்காரர்களுக்கு மூன்று வருடத்துக்கு முன்னால் யோசனை சொன்னவனும் நான்தான்.

மாநாட்டன்று மதியம் இரண்டு மணிக்குத் திரையிடல். அரங்கத்து வாசல் வரிசையில் நத்தை எனக்கு முன்னால் நின்றிருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“தூங்கவே இல்லண்ணா. பயம். என்னோடது ஓடும்போது யாராவது சிரிச்சுட்டா?”

“யாரும் சிரிக்க மாட்டாங்க.”

“உங்களோடதுல எங்கெங்க மூடிக்கணும்? சீட்டு குடுங்க.”

கையை நீட்டினாள். நான் அவள் கையைப் பார்த்தேன். எண் ஒட்டி ஒட்டி விரல் நுனியில் பசை காய்ந்து உரிந்திருந்தது.

“எங்கயும் இல்ல” என்றேன். “இந்தத் தடவை உனக்காகவே பாத்துப் பண்ணேன். நிம்மதியா பாரு.”

அவள் முகம் மலர்ந்ததை நான் மறைக்க விரும்பவில்லை. “நெசமாவா?” என்றாள். “அப்ப கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கறேன்.”

போட்டியை நடத்தியவர் ஒரு மழலையர் பள்ளி ஆசிரியை. எங்களுக்கெல்லாம் டீச்சர். சம்பளம் இல்லாமல் வருடா வருடம் வந்து செய்பவர். ஒவ்வொரு வீடியோவுக்கு முன்பும் குழந்தைகளுக்குச் சொல்வதுபோல் நிறுத்தி நிறுத்தி அறிவிப்பார். நத்தையினுடையது நான்காவது. மழைத்துளி இறங்கும்போது எழுநூறு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன். என்னுடையது ஒன்பதாவது. டீச்சர் என் பெயரை வாசித்தார், பாட்டை வாசித்தார், அமர்ந்துவிட்டார்.

அவள் நடைபாதையை ஒட்டிய இருக்கையில் இருந்தாள். நான் இரண்டு வரிசை பின்னால். சொன்னபடியே கையைக் கட்டிக்கொண்டிருந்தாள். நகரம் வெடித்தது. அரங்கமே சிவந்து சிவந்து அணைந்தது. அந்த விட்டுவிட்டு வந்த வெளிச்சத்தில் அவள் வலது கை மேலே கிளம்புவதைப் பார்த்தேன். தோள் உயரம்வரை வந்தது. அங்கேயே நின்றது. அதற்குமேல் வரவில்லை.

பக்கத்திலிருந்தவர்கள் அவள் ஆடுகிறாள் என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல பாட்டுக்கு ஆடுவது அங்கே வழக்கம். அவள் பக்கவாட்டில் சரிந்தாள். நடைபாதைப் படியின் விளிம்பில் இருந்த இரும்புப் பட்டையில் தலை இடித்தது. பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. யாரோ ஒரு பெண் டார்ச் அடித்து, “விளக்கைப் போடுங்க” என்றாள். போட்டார்கள். வீடியோவை நிறுத்தினார்கள்.

அதற்கு முன் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டீர்கள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய திரையில் வெட்டும் தாளமும் ஒட்டிப் போகிறதா என்று. ஒட்டித்தான் போனது. விளக்கு வந்த பிறகு ஓடிப்போய் என் ஸ்வெட்டரை மடித்து அவள் தலைக்குக் கீழே வைத்ததும் நான்தான். அப்படித்தான் வைக்க வேண்டும் என்று பயிற்சி வீடியோவே எடுத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டாள். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “கடைசி வரைக்கும் நீ கூட இருந்தேப்பா, அது போதும்” என்றார். மாநாட்டுக்காரர்கள் கேட்டபோது ‘இது பளிச்சிடுவதில் சேரும் என்று தோன்றவில்லை’ என்று நான் எழுதிக் கொடுத்ததை எல்லோரும் நம்பினார்கள். கவனக்குறைவு என்றார்கள், அதையும் மெதுவாகத்தான் சொன்னார்கள். பழி டீச்சர் தலையில் விழுந்தது. முன்கூட்டியே ஓட்டிப் பார்த்திருக்க வேண்டியவர் அவர்தானே என்று. பள்ளி வேலையை விட்டுவிட்டாராம்.

பதினாறாம் நாள் நத்தையின் அம்மா அவளுடைய லேப்டாப்பைக் கொண்டுவந்து கொடுத்தார். “அவ செஞ்சதை எனக்குப் பாக்கத் தெரியல, எடுத்துக் குடுப்பா” என்றார். திறந்தேன். அந்த ரயில் வீடியோவின் எடிட் அப்படியே இருந்தது. நடுநடுவே தனக்காகக் குறிப்பு எழுதி வைத்திருந்தாள். மழைத்துளி இருந்த இடத்தில், ‘இங்க அண்ணா வெட்டியிருப்பார். நான் வெட்டல. பயமா இருக்கு’ என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளி, ‘இதை அண்ணா எப்படிப் பாப்பார்னு நெனச்சுப் பாத்தேன். சரியாத்தான் இருக்கு.’ அப்படிப் பதினெட்டு இடத்தில். எல்லாவற்றிலும் நான் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் அது ஆரம்பித்தது. வேலை முடிந்து மானிட்டரை அணைப்பேன். கறுத்த திரையில் ஒருத்தி ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பாள். முதல் தடவை நாற்காலியோடு பின்னால் விழப் போனேன். உற்றுப் பார்த்தால் அது என் முகம், என் கை. எப்போது மேலே போனது என்று எனக்குத் தெரியாது. பஸ் இண்டிகேட்டர் மினுக்கினால் போகிறது. படிக்கட்டில் டியூப்லைட் துடித்தால் போகிறது. போன வாரம் ஒரு கூட்டத்தில் மேலதிகாரி, “என்னப்பா, கண்ணுல தூசியா?” என்றார். கையை இறக்கப் பார்த்தேன். உள்ளேயிருந்து யாரோ அழுத்திப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. இப்போதும் பாருங்கள், உங்கள் விளக்கு கொஞ்சம் துடிக்கிறது.

பயந்துபோய் ஸ்டேஷனுக்கு வந்தேன் என்று நினைக்க வேண்டாம். டீச்சருக்காக வந்தேன். ஒரு தப்பும் செய்யாதவர் அவர். நான் தெரிந்தே செய்தேன். அவளுக்கு வலிப்பு வரும் என்று தெரியும், இருட்டில் வந்தால் என்ன ஆகும் என்றும் தெரியும், சீட்டு கேட்டபோது ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும் என்றும் தெரியும். நோட்டு என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது. எல்லாம் தேதியோடு இருக்கிறது, உங்களுக்குச் சிரமம் இருக்காது.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கோர்ட்டில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டுவீர்கள் இல்லையா? மாநாட்டுக்காரர்களிடம் இருப்பது சுருக்கிய பிரதி, நிறம் மங்கல். என்னிடம் முழுத் தரத்தில் இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள். வெடிப்போடு நிறுத்திவிடச் சொல்வார்கள். நிறுத்தாதீர்கள். அதற்குப் பிறகு நாற்பது வினாடி இருக்கிறது, சாம்பல் இறங்குகிறது, நான் ஒரு இடத்தில்கூட வெட்டவில்லை. அதை இன்னும் யாருமே பார்க்கவில்லை, ஐயா.