கடுகு வெடிக்காத ஒரு நாள்

கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு ஊரே உட்கார்ந்து அழுத காலம் ஒன்று உண்டாம். வேலாங்குளத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். முதலில் ஒரு வீட்டுச் சட்டியில் வெடித்ததாம், பிறகு அடுத்த வீட்டில், பிறகு அதற்கடுத்த வீட்டில். மழை வருவது போலத் தெருவோடு வந்ததாம் அந்தச் சத்தம். அழாதவள் ஒருத்திதானாம். அவள் பேர் சிகப்பாயி.

சிகப்பாயிக்குச் சின்ன வயதிலேயே பெரியம்மை கண்டு இறங்கியிருந்தது. உயிரை வைத்துவிட்டு முகத்தை எடுத்துக்கொண்டு போனாள் ஆத்தா என்பார்கள். அத்தை மகன் வயிரவனுக்கென்று பேசி வைத்திருந்த பெண் அவள். தழும்பைப் பார்த்ததும் அத்தைக்கு மனசு மாறியது. "முத்து வெளஞ்ச மூஞ்சியில விடியக்காலம் யாரு முழிக்கிறது?" என்று கேட்டாளாம். வயிரவன் ஒன்றும் சொல்லவில்லையாம். வெளியூரிலிருந்து இருளாயியைக் கட்டிக்கொண்டு வந்தான். சிகப்பாயி தெருக்கோடியில் தனியே இருந்தாள். அவன் வண்டி போனால், மாட்டு மணியைக் கேட்டே வண்டி பாரமா காலியா என்று சொல்லிவிடுவாளாம்.

அப்படியிருக்க, ஒரு பங்குனியில் ஆத்தா திரும்பவும் ஊருக்குள் வந்தாள். வீட்டுக்கு வீடு வேப்பிலை ஏறியது. அம்மை காணாதவர்கள் பிள்ளைகுட்டிகளோடு களத்துமேட்டுக்குப் போய் ஓலை சாய்த்து உட்கார்ந்தார்கள். ஒருமுறை அம்மை கண்டவர்களை அது திரும்பத் தொடாது. அதனால் முகத்தில் தழும்பு உள்ளவர்கள் மட்டும் ஊருக்குள் நின்றார்கள். களத்தில் இருப்பவர்கள் கூழ் காய்ச்சி எல்லைக்கல் மேல் வைப்பார்கள். தழும்புக்காரர்கள் எடுத்துப்போய் வீடு வீடாக ஊட்டுவார்கள். யார் வீட்டுக் கம்பு, யார் வீட்டு வாய் என்று யாரும் கேட்கவில்லையாம். விடியக்காலம் முழிக்கக் கூடாத முகங்களைத்தான் அந்தப் பங்குனி முழுக்க ஊர் எதிர்பார்த்துக் கிடந்தது.

அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது. வேலாங்குளத்தில் அது ஊருக்கே சட்டம். கடைசி நோயாளிக்குப் பொருக்கெல்லாம் உதிர்ந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற வரைக்கும் எந்தச் சட்டியிலும் கடுகு விழாது. களத்துமேட்டிலும் விழாது.

வயிரவனுக்குக் கடைசியாகத்தான் கண்டது. களத்துமேட்டிலிருந்து அவனை வீட்டில் கொண்டுவந்து போட்டார்கள். இருளாயி கைப்பிள்ளையோடு எல்லைக்கல்லைத் தாண்டி ஓடி வந்தாள். சிகப்பாயி குறுக்கே நின்றாள்.

"உள்ள வராத. உனக்கும் வரும், பிள்ளைக்கும் வரும்."

"என் புருசன் கெடக்கான். நான் வராம யாரு வர்றது?"

"நான் இருக்கேன்ல."

இருளாயி அவளை ஏற இறங்கப் பார்த்தாளாம். ஊர்க்கதை அவளுக்கும் தெரியும்.

"திருப்பிக் குடுத்துருவியாக்கா?"

"குடுக்குறேன். தண்ணி ஊத்தி அனுப்புறேன். நீ கடுகை எடுத்து வையி."

சொல்லிவிட்டு அவன் வீட்டுக்குள் போனாள். வயிரவனுக்கு இமை ஒட்டிப்போய்க் கிடந்தது. வேப்பிலையால் விசிறினாள், இளநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள், அரிப்பெடுத்தால் வேப்பங்கொத்தால் தடவிவிட்டாள்.

"யாரு, சிகப்பாயியா?"

"ம்."

"உன்னையப் பாக்க முடியலையே."

"அதுவா பெரிசு மச்சான்? கண்ணு தெரிஞ்சப்பவே பாக்காமத்தான போனீக."

ஆத்தா இறங்கணும் என்று நினைத்தாள். இறங்கினால் நான் எழுந்து போகணுமே என்றும் நினைத்துக்கொண்டாள். இரண்டையும் ஒரே வாயால் எப்படி வேண்டுவது? அதனால் வேண்டாமலே விசிறினாள் என்பார்கள்.

ஒரு காலையில் அவனுக்கு இமை திறந்தது. முதலில் தெரிந்தது அவள் முகம்தான்.

"பாத்துட்டீகளா?"

"பாத்துட்டேன். இனி என் மூஞ்சியும் இப்பிடித்தான இருக்கும்?"

"இப்பத்தான் சோடி சேந்துருக்கு," என்று சிரித்தாளாம்.

அன்றைக்குப் படுக்கையை உதறினாள். கடைசிப் பொருக்கும் உதிர்ந்து கிடந்தது. எல்லைக்கல்லிலிருந்து இருளாயி கூப்பிட்டாள்.

"அக்கா, உதிந்துருச்சா?"

அவளுக்குப் பின்னால் களத்துமேடே எழுந்து நின்றது. எல்லோருக்கும் வீட்டு ஞாபகம். எல்லோருக்கும் நாக்குச் செத்துப்போயிருந்தது. சிகப்பாயி கையில் அள்ளின பொருக்கைப் பார்த்தாள்.

"இன்னும் இல்ல. நாளைக்கு."

உள்ளே வயிரவன் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தன் கையைத் தடவிப் பார்த்தான். அன்றைக்கு ஒன்றும் சொல்லாதவன் இன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த ஒரு நாள். அன்றைக்கு என்ன பேசினார்கள் என்று கதையில் இல்லை. கூரைப் பொத்தல் வழியே விழுந்த வெயில் வட்டம் அவன் காலிலிருந்து மெல்ல நகர்ந்து அவள் கால் வரைக்கும் வந்ததாம். அது நகர்வதை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். அவ்வளவுதான் கதையில் இருக்கிறது.

மறுநாள் விடிந்தபோது களத்தில் பிள்ளை அழுதது. வெயில் ஏறியதும், அதில் வைத்திருந்த வேப்பிலைத் தண்ணீரைச் சிகப்பாயி அவன் தலைக்கு ஊற்றினாள். அம்மை கண்ட வீட்டில் "போயிட்டு வா" என்றோ "போயிட்டு வாரேன்" என்றோ சொல்லக் கூடாது, சொன்னால் ஆத்தாளும் திரும்ப வந்துவிடுவாள். வயிரவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சொல்லாதே என்று கையைக் காட்டிவிட்டு இறங்கி நடந்தாள்.

இருளாயி வந்தாள். அடுப்பில் சட்டியை ஏற்றினாள். அது காய்கிற நேரத்தில் புருசன் முதுகைத் துடைத்துவிட்டாள். துணியில் ஒரு பொருக்குக்கூட ஒட்டவில்லை. இன்றைக்கு உதிர்ந்த தோல் என்றால் இளசாக இருக்கும், இது காய்ந்து இறுகியிருந்தது.

"நேத்தே உதிந்துருச்சா?"

வயிரவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சட்டி புகைந்தது. கடுகு அவள் உள்ளங்கையில் இருந்தது. வெளியே ஊரே காதை வைத்துக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாளாம் இருளாயி. பிறகு போட்டாள். அந்தச் சத்தத்துக்குத்தான் ஊர் அழுதது.

சில வருசம் கழித்து அந்தப் பிள்ளைக்கே அம்மை கண்டு இறங்கியது. தண்ணீர் ஊற்றியாயிற்று. கடுகோடு ஊர் காத்திருந்தது. இருளாயி சட்டியை ஏற்றவில்லை.

"இன்னிக்கு வேணாம். நாளைக்கு."

"ஏன்டி, தண்ணிதான் ஊத்தியாச்சே?"

"இது அக்கா நாளு."

பெரியம்மை ஒழிந்துபோய்விட்டது. ஆனாலும் வேலாங்குளத்தில் யாருக்காவது சின்னம்மை இறங்கித் தண்ணீர் ஊற்றினால், அன்றைக்கு அந்தத் தெருவில் தாளிப்பதில்லை. வாழ வந்த மருமகள்கள் கேட்டால், "இது சிகப்பாயி நாளு, நாளைக்குத் தாளிச்சுக்க," என்பார்கள்.

சிகப்பாயி, வயிரவனுக்குத் தண்ணீர் ஊற்றின வருசத்துக்கு அடுத்த பங்குனியிலேயே, மேலக்கோட்டையில் அம்மை என்று கேள்விப்பட்டு அங்கே போனாள். போன இடத்திலேயே இருந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கிழவியாகி, ஒரு கார்த்திகை மழையில் செத்துப்போனாள்.