முத்திரையிட்ட அலுமாரி

கணக்கெடுப்புக்காக முத்திரையிட்ட பள்ளி அலுமாரியை இடையில் திறக்க, கல்விக் கந்தோரிடம் எழுதிக் கேட்க வேண்டும். கந்தோர் ஏழு நாளில் பதில் தர வேண்டும். விதியில் குறையில்லை.

மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகுக்கான வரிசையில், எனக்கு முன்னால் இரண்டு ஆசிரியைகள் நின்றார்கள். குடை வைத்திருந்தவர் சொன்னார்:

"ஒரு புத்தகமும் திறக்காமல் நூலக மாதத்தை முடிச்சிட்டம், ரீச்சர்."

"அப்ப பிள்ளையள் என்னத்தை வாசிச்சதுகள்?"

"அலுமாரிக் கண்ணாடிக்குள்ளால தெரிஞ்ச தலைப்புகளை. தலைப்பைப் பார்த்துக் கதை சொல்லுற போட்டியும் வச்சனாங்கள். 'ஆமையும் வெளிச்சவீடும்' எண்ட தலைப்புக்கு மூன்றாம் வகுப்புப் பர்வீன் சொன்ன கதைதான் முதலாவது. அலுமாரி திறந்த உடனே அந்தப் புத்தகம் முதல் உனக்குத்தான் எண்டு சொல்லி வச்சனான்."

"குடுத்தீங்களோ?"

"எங்க! தகப்பனுக்கு மாற்றம். வெள்ளிக்கிழமை கொழும்புக்குப் போட்டினம். போகேக்க கேட்டாள், 'ஆமை வெளிச்சவீட்டில மேல ஏறினதோ ரீச்சர்?' எண்டு. நானும் வாசிக்கேல்லையே, என்னத்தைச் சொல்லுறது?"

"முத்திரையைப் பிச்சிருக்கலாமே."

"பிச்சா எனக்கும் மாற்றந்தான். முதலாந் திகதியே கந்தோருக்கு எழுதினனான்."

"பதில் வரேல்லையோ?"

"வந்தது. தாராளமாத் திறக்கலாமாம்."

"எப்ப வந்தது?"

"சனிக்கிழமை. முப்பத்தோராந் திகதி."