எட்டு போல்ட்டிலும் மஞ்சள்

– திரும்பவும் சொல்லு பாப்பா. கியர்பாக்ஸயும் கிளட்ச்சயும் இறக்கியாச்சு. இனிமே மாத்திப் பேசினா உன் அண்ணன் முதுகு தாங்காது.

– எத்தன தடவண்ணே சொல்றது? கிளட்ச்ச விடும்போது உதறுது. மிதியில ஆரம்பிச்சு ஸ்டியரிங் வரைக்கும் ஏறுது. சும்மா நிக்கும்போது அடியில டக்கு டக்குன்னு தட்டுது, மிதிச்சா சத்தம் மாறுது.

– நீ லாரி ஓட்ட வந்த நாள்லேர்ந்து ஏதாவது தட்டிக்கிட்டேதான் இருக்கு. போன மாசம் என்னன்னு பாத்தா, சீட்டுக்கு அடியில உன் சாப்பாட்டு டப்பா.

– சிரிக்காதண்ணே. சீக்கிரம் பாரு.

– பாத்துக்கிட்டுதான் இருக்கேன். ஆமா, இது மாப்ள வண்டியாச்சே, நீ எப்படி இதுல? உன் வண்டி எங்க?

– காலையில சாவிய மாத்திக்கிட்டோம். அவரு என் வண்டியில மலைக்குப் போயிருக்காரு, சிமெண்டு லோடு. அத விடு, நீ இதப் பாரு.

– புருஷன் பொண்டாட்டி சட்டைய மாத்திக்கிற மாதிரி லாரிய மாத்திக்கிறீங்க. சரி, அந்த டார்ச்ச இப்படிப் புடி. மேல இல்ல, சக்கரத்து மேல காட்டு.

– இதுதான் பிளைவீலா?

– இதேதான். இன்ஜின் சுத்துறதுன்னா மொதல்ல சுத்துறது இதுதான். நாப்பது கிலோ இரும்பு. எட்டு போல்ட்டுதான் இத... ஏய், ஆட்டாத.

– நான் ஆட்டலண்ணே. டார்ச்சத்தான் புடிச்சிருக்கேன்.

– அப்ப இது ஆடுது.

– என்னண்ணே?

– கொஞ்சம் பேசாம இரு பாப்பா. அந்தக் கடப்பாரைய எடு. பாரு, தள்ளினா வருது. விட்டா போகுது. சக்கரம் ஆடுது.

– போல்ட்டு இல்லையா?

– இருக்கு. எட்டும் இருக்கு, எட்டுலயும் மஞ்சள் பெயிண்ட் இருக்கு. நான் இறுக்கினாதான் மஞ்சள் வைப்பேன். இருபது வருஷமா ஒரு போல்ட்டு தப்பினது கிடையாது. அப்புறம் எப்படி இது... அடடா. விரல்லயே திரும்புது.

– விரல்லயா!

– மூணு கழண்டு வெளிய வந்திருக்கு. கிளட்ச் பிளேட்ட உரசி உரசித் தலையே தேஞ்சிருக்கு. இன்னும் கொஞ்சம் கிட்ட வா, டார்ச்ச தாழ்த்து. பாப்பா, இது என் கை வச்ச மஞ்சள் இல்ல.

– எப்படிச் சொல்ற?

– நான் கோடுதான் இழுப்பேன். போல்ட்டுலேர்ந்து சக்கரம் வரைக்கும் ஒரே கோடு. திரும்பினா கோடு உடையும், தெரிஞ்சுடும். இதுல தலை முழுக்க நகப்பாலிஷ் போட்ட மாதிரி பூசியிருக்கு. யாரு பண்ணின வேலை இது?

– அண்ணே.

– சொல்லு.

– போன ஞாயித்துக்கிழமை, ரெண்டு வண்டியிலயும் பிளைவீல கழட்டி மாட்டி, கிளட்ச் பிளேட்டு மாத்தினியே. நடுவுல அம்மா மயங்கி விழுந்துட்டாங்கன்னு போன் வந்து ஓடினியே.

– ஓடினேன். போல்ட்டெல்லாம் கையால முடுக்கி விட்டுட்டு அப்படியே போயிட்டேன். திரும்பி வந்தா ரெண்டு வண்டியிலயும் மஞ்சள் இருந்துச்சு. ஓ, இறுக்கிட்டுத்தான் போயிருக்கோம்னு மேல பிரஷர் பிளேட்ட மாட்டி மூடிட்டேன். என் மண்டையில அன்னிக்கு அம்மா மட்டும்தான்.

– அவருதாண்ணே பூசினாரு. நீ இறுக்கிட்டேன்னு நெனச்சுக்கிட்டாரு. மச்சானுக்குக் கொஞ்சம் வேலைய மிச்சம் பண்ணினேன்னு வீட்டுக்கு வந்து பெருமையா சொன்னாரு. சட்டக் கையெல்லாம் மஞ்சள். மூணு தடவ துவைச்சேன், போகல.

– ரெண்டு வண்டியிலயுமா பூசினான்?

– ரெண்டுலயும்.

– போன் போடு. இப்பவே போடு.

– அடிக்குது... எடுக்கல.

– திரும்பப் போடு.

– ஓட்டும்போது எடுக்க மாட்டாருண்ணே. பிள்ள தலையில அடிச்சு நாந்தான் சத்தியம் வாங்கினேன். அண்ணே, அந்தச் சக்கரம் கழண்டா என்ன ஆகும்?

– ஒண்ணும் ஆகாது. வண்டி நின்னுடும்.

– என் முகத்தப் பாத்துச் சொல்லு.

– நீ திரும்பப் போன் போடு.

– அது இருக்கிறது நம்ம காலுக்கு நேர் கீழதானே?

– ஆமா. ஆனா இத கேளு பாப்பா, பயப்படாத. கையால முடுக்கினது எல்லாம் ஒரே மாதிரி கழலாது. உன் வண்டி புதுசு, இது பழைய கட்டை. இதுதான் ரொம்ப உதறுச்சு, அதனால இது இங்க வந்துடுச்சு. மோசமான வண்டி என் கைக்குக் கீழ இருக்கு, புரியுதா? அதுல உதறல் இருந்திருந்தா அவன் மலை ஏறியே இருக்க மாட்டான். நீ ஏன் அழற?

– 'உன் அண்ணன் வேலைய குறை சொன்ன மாதிரி ஆயிடும், அவருகிட்ட சொல்லாத'ன்னாரு.

– என்னத்த சொல்லாதன்னான்?

– என் வண்டி இத விட ரெண்டு பங்கு உதறுச்சுண்ணே. அதனாலதான் 'நீ இத எடுத்துக்கோ'ன்னு அவரு சாவிய மாத்தினாரு.