மருமகன் ஆக்கிய பாஸ்டா

கல்முனைக்குப் போகும் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் தோழியிடம் சொன்னாள்:

"ராத்தா, மருமகன் என்னக் குசினியால வெளிய போகச் சொல்லிட்டார்."

"அல்லாஹ்! ஒன்ட ஊட்டுக் குசினியாலயா?"

"ஓம். பாஸ்டா ஆக்கத்தான். தக்காளி, உள்ளி, எண்ணெய், உப்பு. அவ்வளவுதான். மிளகாய்த்தூளுமில்ல, தேங்காய்ப்பாலுமில்ல."

"மறுகா எப்பிடி முழுங்கின?"

"முழுங்கினதா? சட்டிய வழிச்சுத் திண்டன்! மகள் குடுத்துவெச்சவள்."

எனக்கு வியர்த்துவிட்டது. கல்யாணம் முடித்த நாளிலிருந்து மாமியார் வீட்டில் சாப்பிடுகிறேன். குசினிக்குள் தண்ணீர் குடிக்கக்கூடப் போனதில்லை. பக்கத்தில் மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்தேன். நம்பட்டும் என்று குறட்டையும் விட்டேன்.

அவள் முன்னால் குனிந்தாள்.

"ராத்தா, நாலு பேருக்கு ஒங்கட மருமகன் எத்தின தக்காளி போட்டவர்?"