டேனியலின் ஹெட்போன்

எனக்குத் தாளம் வராது. கல்யாண வீட்டில் நான் கை தட்ட ஆரம்பித்தால் பக்கத்து நாற்காலிக்காரர் தட்டுவதை நிறுத்திவிடுவார். அப்படிப்பட்டவன் திருப்பூரில் ஓர் இன்னிசைக் குழுவுக்கு டிரம்மராக இருந்தேன் என்றால், டிரம்ஸ் செட் என்னுடையது என்பதுதான் காரணம்.

ஊத்துக்குளியிலிருந்து டேனியல் வந்து ஒரு பாட்டுக்கு வாசித்தான். குழுவை நடத்தும் குமாரசாமி அண்ணன் என் தோளில் கை போட்டு, "வேலு, நீ மிக்சர்ல உக்காந்துக்க கண்ணு. உனக்கு மூளை இருக்குது" என்றார். அதுவரை யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பொறாமை என்பது பெரிய வார்த்தை. வயிறு எரிந்தது, அவ்வளவுதான்.

டிரம் விளிம்புகளில் நானே டிரிகர் மாட்டினேன். சின்ன சென்சார்தான், அடி விழுந்ததும், பதிவு செய்து வைத்த சத்தத்தை ஒரு பெட்டி ஒலிக்கும். தோலின் சத்தத்தோடு அதுவும் கலந்தால் பனியன் கம்பெனி ஆயுத பூஜைக் கூட்டத்திலும் கணீரென்று கேட்கும். டேனியல் காதை அடைக்கும் ஹெட்போனில்தான் பாட்டையும் தன் வாசிப்பையும் கேட்பான். மேடைச் சத்தத்தையெல்லாம் கலந்து அனுப்பும் மிக்சரில் நான் இருந்ததால், அதற்குப் போகும் சத்தம் என் கையில் இருந்தது.

அதில் அவன் அடியை மட்டும் ஒரு துளி தாமதப்படுத்தினேன். கூட்டத்துக்குப் போகும் சத்தத்தைத் தொடவில்லை. தொழில் சுத்தம் வேண்டுமல்லவா? தன் அடி பிந்துகிறது என்று நினைத்து அவன் முந்தி அடித்தான். பாடகி தேவிப்பிரியா திரும்பித் திரும்பி முறைத்தாள்.

அவன் அப்பாவுக்குக் கை நடுக்க நோய். அது எனக்கு முன்பே தெரியும்.

ஒருநாள் மேடைக்குப் பின்னால் வந்து கையை நீட்டினான். "ஏனுங்க வேலண்ணா, கை தாளத்துல நிக்க மாட்டேங்குது. எங்கப்பனுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சுங்களா?"

"டாக்டர்கிட்டக் காட்டிரலாம் கண்ணு" என்று கூடவே போனேன். ஒன்றுமில்லை என்றார் டாக்டர். வரும் வழியில், "ஆரம்பத்துல டாக்டருக்கே தெரியாது" என்று ஆறுதல் சொன்னேன்.

பிரியங்காவோடு நிச்சயமான கல்யாணத்தை அவனே நிறுத்தினான். "நாளைக்கு நான் படுத்துட்டா அந்தப் புள்ள பாவமுங்கண்ணா" என்று அழுதான். சாய்ந்துகொள்ளத் தோள் கொடுத்தேன். இப்போது ஒரு கம்பெனியில் அட்டைப்பெட்டி அடுக்குகிறான்.

டிரம்ஸில் மறுபடி நான். டிரிகர் பெட்டியில் இருப்பதெல்லாம் டேனியல் அடித்துப் பதிவு செய்த சத்தம். சத்தம் அவனுடையது, தாளம் மட்டும் என்னுடையது. தேவிப்பிரியா இப்போது திரும்பிப் பார்ப்பதில்லை; வேறு குழுவில் பாடுகிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு டேனியல் வந்தான். "ஒரே ஒருக்கா வாசிச்சுப் பாக்கட்டுங்களாண்ணா? கை நல்லாத்தான் இருக்குதுன்னு தோணுதுங்க."

உட்காரவைத்து ஹெட்போனையும் நானே மாட்டிவிட்டேன். அவன் குச்சியை எடுப்பதற்குள் மிக்சருக்குப் போய் அந்தத் தாமதத்தைத் திரும்ப வைத்தேன், இந்த முறை கொஞ்சம் கூட்டியே. பொய்யான நம்பிக்கையோடு அவனை வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.