இடது கையில் ரம்பம்

பழைய புகைப்படத்தை ஓரம் பிடித்துத்தான் எடுக்க வேண்டும், சார். உங்கள் ஆட்கள் என் வீட்டிலிருந்து அள்ளிக்கொண்டு வந்த விதத்தைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. முந்நூறுக்கு மேல் இருக்கும். எல்லாரும் போர்க்கால ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த ராணுவ மருத்துவர்கள், அறுவை சிகிச்சை செய்தவர்கள்.

ஏன் இவர்கள் மட்டும் என்று கேட்டீர்கள். அப்பாவுக்குக் குண்டு பட்டது இடது காலில். மயக்கம் தெளிந்தபோது வலது கால் போயிருந்தது. தவறு தெரிந்த பிறகு இடதையும் எடுத்தார்கள். எடுத்தவர் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. மயக்க மருந்து ஏறுமுன் அப்பா பார்த்தது இவ்வளவுதான்: முகத்தில் துணி கட்டிய ஒருவர், இடது கையில் ரம்பம்.

அப்பாவைத் தூக்கித் தூக்கியே என் இடுப்பு போனது. கல்யாணம் தள்ளிப்போய், பிறகு பேச்சே நின்றுவிட்டது. எனக்கு மிஞ்சியது ஆத்திரம் ஒன்றுதான்.

அந்தக் காலத்து மருத்துவர்கள் கருவியும் கையுமாக, மாப்பிள்ளை மிடுக்கோடு நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். நான் தேடிக் கொண்டுவருவேன். அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பார்.

"இவன் வலக்கைடா. அடுத்ததக் காட்டு."

கடைசிவரை அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் போய்ப் பதினோரு வருடம் கழித்து, பழைய சாமான் கடை ஒன்றில் இடது கையில் ரம்பத்தோடு ஒருவர் கிடைத்தார். படத்தின் பின்னால் பெயர் இருந்தது. விசாரித்தேன். தொண்ணூற்றொரு வயது, மகன் வீட்டு மாடியில் இருந்தார்.

வியாழன்தோறும் போனேன். நான் போனால் மருமகளுக்குச் சந்தோஷம், நிம்மதியாகக் கடைக்குப் போய் வரலாம். படத்தில் கையெழுத்துக் கேட்டேன். வலது கையால் போட்டார். முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் இடக்கைப் பிள்ளைகளை அடித்து மாற்றுவார்கள் அல்லவா, அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

நான்காவது வியாழன் கேட்டேன்.

"கால் மாத்தி எடுத்தது உண்டா டாக்டர்?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"நடந்துச்சு தம்பி. நான் இல்ல, பக்கத்து மேசைக்காரர். இடக்கை. ரெண்டு நாளாத் தூங்காத மனுஷன். அடுத்த மாசமே காய்ச்சல்ல போயிட்டார். அந்தப் பையன் கண்ணு முழிச்சுப் போட்ட சத்தம் எனக்கு இன்னும் கேக்குது."

செத்தவன் தலையில் பழியைப் போடுவது சுலபம் என்று நினைத்துக்கொண்டேன். கீழே கூட்டிப்போகச் சொன்னார். படியில் என் கையைப் பிடித்திருந்தார். கையை உருவிக்கொண்டு முதுகில் தள்ளினேன். கால் மடங்கிக் கிடந்தார். ஆளைக் கூப்பிடச் சொன்னார், தண்ணீர் கேட்டார். மூச்சு அடங்கும்வரை நான் படியில் உட்கார்ந்திருந்தேன். அப்பாவை நினைத்து அழுதேன். மனது லேசாக இருந்தது.

இப்போது உங்கள் நிபுணர் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்கிறார். கோட்டுப் பொத்தான்கள் பெண்கள் சட்டையில் இருப்பதுபோல் மாறியிருக்கின்றனவாம். அந்தக் காலத்து நெகட்டிவான கண்ணாடித் தகட்டைத் திருப்பிப் போட்டு அச்சடித்துவிட்டார்களாம். ரம்பம் இருந்தது வலது கையிலாம். முப்பது வருடம் இதிலேயே கிடந்தவனுக்கு இது தெரியாதா, சார்? கடையில் படத்தை எடுத்தபோதே பொத்தானைப் பார்த்துவிட்டேன்.

ஆனால் நான் சேர்த்தவர்களில் உயிரோடு இருந்தவர் அவர் ஒருவர்தான்.