ஒரு பக்கம் பேசிய கேசட்

“ரெண்டு நாளா இருந்து ஒரு பக்கம் முழுக்கக் கதைச்சிருக்கிறன். இனி அதை அழிக்கிறதோ?”

அல் ஐனிலிருந்து அபுதாபிக்குப் போகும் ஷேர் டாக்சியில், எனக்கு முன் இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்து அம்மா தன் பத்து வயது மகளிடம் இப்படிக் கேட்டார். மடியில் டேப் ரெக்கார்டர் இருந்தது. ஊரிலிருக்கும் தங்கைக்குப் பேசிய கேசட், தெரிந்தவர் ஒருவர் கையில் அன்றைக்கு விமானம் ஏறப் போகிறதாம்.

“முழுக்கச் சித்திக்கு ஏச்சுத்தானே அம்மா.”

“பிள்ளை பிறந்ததை ஊருக்கெல்லாம் சொன்னவள், எனக்குச் சொன்னவளோ?”

“அவ எழுதின கடிதம் நேற்று வந்திட்டுதே. தபால்தான் லேட்.”

“வந்ததுதான். ஆனா நான் கஷ்டப்பட்டுக் கதைச்சது வீணாப் போயிடுமே.”

“போன கிழமை நான் கீறின குதிரைப் படம் ஆடு மாதிரி வந்திட்டுது. மூண்டு நாள் கீறினது, எறியமாட்டன் எண்டு அழுதன். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

அம்மா டேப் ரெக்கார்டரை மடியில் நேராக்கி வைத்தார். மகளே தொடர்ந்தாள்.

“போன மூண்டு நாள் போனதுதான், வெறுந்தாள் தந்தா இந்த ஆட்டையே திரும்பக் கீறுவியோ எண்டு கேட்டீங்கள். இப்ப வெறும் கேசட் தந்தா, சித்தியைத் திரும்ப ஏசுவீங்களோ?”

“வாய்க்காரி. என்ர பாடத்தை எனக்கே படிப்பிக்கிறாள்.”

திட்டினாரா கொஞ்சினாரா என்று பிரிக்க முடியாத குரல் அது. பிறகு டிரைவரிடம், “பாய், ரேடியோ பந்த்” என்று அரைகுறை இந்தியில் பாட்டை நிறுத்தச் சொன்னார். நாடாவை முதலுக்குச் சுற்றி, சிவப்புப் பொத்தானை அழுத்தி, “தங்கச்சி, குட்டியன் ஆரைப் போல இருக்கிறான்?” என்று பேசத் தொடங்கினார்.